ஃபார்ம்வில்: கம்பளம் வாங்கப் போன ஊரில் ஒரு பள்ளிக்கூடம்

ஃபார்ம்வில்லுக்கு நான் முதல் தடவை போனது சோஃபா வாங்க. ரிச்மண்ட் பக்கம் குடியிருந்து புது வீடு வாங்கிய நம்மவர்களில் பலருக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். பழைய புகையிலைக் கிடங்குகளில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடை நடக்கிறது. கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கால் கடுக்க விலை விசாரித்து, மனைவிக்குப் பிடித்தது எனக்குப் பிடிக்காமல், எனக்குப் பிடித்தது பர்ஸுக்குப் பிடிக்காமல், கடைசியில் ஒரு கம்பளத்தை மட்டும் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தோம். இரண்டாவது தடவை ஹை பிரிட்ஜுக்கு. அப்போமாட்டாக்ஸ் ஆற்றின் மேல் நூறடிக்கும் அதிகமான உயரத்தில் நிற்கும் பழைய ரயில் பாலம், இப்போது அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். அதுவும் நல்ல நாள்தான்.

மூன்றாவது தடவை போகக் காரணம் மகளின் வீட்டுப்பாடம். வர்ஜீனியாவில் நாலாம் வகுப்பில் மாநில வரலாறு ஒரு பாடம். ஜேம்ஸ்டவுனில் கப்பல் வந்து இறங்கியது, வாஷிங்டன், ஜெஃபர்சன், உள்நாட்டுப் போர் எல்லாம் முடிந்து, வருடக் கடைசியில் அவசர அவசரமாக ஓடும் பக்கங்கள் கொஞ்சம் இருக்கும், எல்லா ஊர் வரலாற்றுப் பாடத்திலும் இருப்பதுபோல. அப்படி ஒரு பக்கம், 1951-ல் கறுப்பின மாணவர்கள் செய்த ஒரு பள்ளி ஸ்டிரைக்கைப் பற்றியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அப்பா, இது நாம கார்பெட் வாங்கின ஊர்தானே?" என்றாள். பார்த்தேன். அதே ஊர்தான். ஒன்பது வருடமாக ஒன்றே கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறேன், இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன், மெயின் ஸ்ட்ரீட் வழியாக அந்தப் பள்ளியின் செங்கல் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். என்ன ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

பள்ளியின் பெயர் ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. இப்போது அருங்காட்சியகம். தாழ்வான, ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் 'இதற்கா இவ்வளவு தூரம்' என்றுதான் இருக்கும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஃபார்ம்வில், பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியின் தலைமையிடம். கவுன்ட்டி என்றால் நம்மூர்க் கணக்கில் ஒரு தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளூர் வரி போடுவதும் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் ஒதுக்குவதும் அந்தக் கவுன்ட்டியின் மேற்பார்வையாளர் குழு. இந்த விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் வரும். புகையிலை விளையும் பூமி. 1865 ஏப்ரலில் தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் பட்டினிப் படை ஓடி வந்தபோது இந்த ஊர் வழியாகத்தான் போனது. சரணடையச் சொல்லி வடக்குத் தளபதி கிராண்ட் எழுதிய முதல் கடிதம் ஃபார்ம்வில்லிலிருந்துதான் போனது, இரண்டு நாளில் பக்கத்து அப்போமாட்டாக்ஸில் லீ சரணடைந்தார். அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட படை கடைசி மூச்சு விட்ட வட்டாரம். ஆனால் போர் முடிந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 1902-ல் வர்ஜீனியாவின் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்: வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது. தனித்தனி, ஆனால் சமம் என்று உச்ச நீதிமன்றம் 1896-லேயே வாய்ப்பாடு கொடுத்திருந்தது. தனித்தனி என்பதை ஒழுங்காகச் செய்தார்கள். சமம் என்பதைத்தான் யாரும் சீண்டவில்லை.

கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலை வகுப்புகள் வேண்டும் என்று 1920-களிலிருந்து அந்த ஊர்ப் பெண்கள்தான் அலைந்திருக்கிறார்கள். மார்த்தா ஃபாரெஸ்டர் என்பவர் தலைமையில் ஒரு மாதர் சங்கம். மனு கொடுப்பது, காசு சேர்ப்பது, ஒவ்வொரு வகுப்பாகக் கூட்டிக்கொண்டு போவது. அப்படித்தான் 1939-ல் இந்தக் கட்டடம் வந்தது. பெயருக்கு உரிய ராபர்ட் மோட்டன் இந்தக் கவுன்ட்டியில் வளர்ந்தவர். அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிறுவனத்தை புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பிறகு இருபது வருடம் நடத்தியவர். 1922-ல் லிங்கன் நினைவகத் திறப்பு விழாவில் மேடையில் பேசியவர். அந்த விழாவில் பார்வையாளர்களில் கறுப்பினத்தவருக்குத் தனி இடம் ஒதுக்கி உட்காரவைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லிங்கனின் நினைவகத்தில்!

கட்டடம் 180 பிள்ளைகளுக்காகக் கட்டியது. பத்து வருடத்தில் 450 பேருக்கு மேல். உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் கிடையாது, அறிவியல் ஆய்வகம் கிடையாது. பொதுக் கூடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும், நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள் ஒரு வகுப்பு நடக்கும். அந்த பஸ்களும் வெள்ளையர் பள்ளியில் ஓடித் தேய்ந்து, இது இனி நமக்கு ஆகாது என்று தள்ளிவிட்டவை. புதுக் கட்டடம் கேட்டால் கவுன்ட்டியில் தந்தது மூன்று கொட்டகைகள். மரச்சட்டம் அடித்து, மேலே தார் பூசிய காகிதத்தைச் சுற்றிய கொட்டகைகள். கோழிக்கூண்டு என்று ஊரார் சொன்னார்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு விறகடுப்பு. அதன் பக்கத்தில் இருக்கிறவன் வேர்த்துக் கொட்டுவான், மூலையில் இருக்கிறவன் கோட்டைக் கழற்றாமல் நடுங்குவான். மழை வந்தால் ஒழுகும், குடை பிடித்துக்கொண்டு பாடம் எழுதுவார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான், உண்மையைச் சொல்கிறேன். நான் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு 'சி' பிரிவு கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. மழை வலுத்தால் லீவு. ஓட்டையில் வானம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் பாடத்தைக் கடத்தியிருக்கிறேன். 'அட, நம்ம ஸ்கூல்' என்று மகளிடம் சொல்லப் போனவன் அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அடுத்த படம் அதே ஊரில், அதே காலத்தில் இருந்த வெள்ளையர்களின் ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளி. ஜிம், சாப்பாட்டுக் கூடம், உடை மாற்றும் அறை, உடம்பு சரியில்லாத பிள்ளை படுக்க ஓர் அறை. ஒரே கவுன்ட்டி, ஒரே வரிப்பணம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருந்தது என்று நான் சாதிக்கப் போவதில்லை, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிப் போனார்கள். ஆனால் 'நீ இந்த வேனில் ஏறக் கூடாது' என்று என் பிறப்பைக் காட்டிச் சட்டம் எழுதி வைக்கவில்லை.

பெற்றோர் சங்கம் சும்மா இருக்கவில்லை. ஹெட்மாஸ்டர் பாய்ட் ஜோன்ஸும், ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபினும் மாதாமாதம் பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் போய் நின்றார்கள். நிலம் பார்க்கிறோம், பணம் பார்க்கிறோம் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில், இனிமேல் நீங்கள் கூட்டத்துக்கு வர வேண்டாம், ஏதாவது இருந்தால் நாங்களே சொல்லி அனுப்புகிறோம் என்று விட்டார்கள். இந்த வாக்கியத்தை அரசு அலுவலகப் படி ஏறிய யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்போது பார்பரா ஜான்ஸ். 1951-ல் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் அலபாமாவின் மான்ட்கோமரியில் பாதிரியார், யாருக்கும் அடங்காத பேச்சாளர். அவர் இருந்த அதே சர்ச்சுக்கு அடுத்த பாதிரியாராக வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். பார்பரா வீட்டில் அமைதியான பெண் என்றுதான் பேர். ஒரு நாள் பள்ளியின் லட்சணத்தைப் பற்றி இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் புலம்பியிருக்கிறாள். அதற்கு நீ ஏதாவது செய்யேன் என்றாராம் டீச்சர். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அப்புறம் இன்னொரு நாள், தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டுத் தன் சாப்பாட்டை எடுக்க வீட்டுக்கு ஓடித் திரும்பி வருவதற்குள் பஸ் போய்விட்டது. ரோட்டோரம் நிற்கிறாள். வெள்ளைப் பிள்ளைகளின் பஸ் பாதி காலியாக அவளைத் தாண்டிப் போகிறது. அதே வழி, அதே ஊர், ஏற முடியாது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன் என்று பின்னாளில் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் போட்ட திட்டத்தை என் மகள் மூன்று தடவை படித்தாள், எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. நம்பிக்கையான சில மாணவர்கள் மட்டும். பெற்றோருக்குத் தெரியக் கூடாது. ஆசிரியர்களுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் அவர்கள் வேலைக்கு ஆபத்து. மாதக்கணக்கில் ரகசியமாக வைத்திருந்தார்கள். ஒரு சின்ன ஊரில், 450 பேர் படிக்கும் பள்ளியில்! எங்கள் தெருவில் ஒரு பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால் அவன் எழுந்திருப்பதற்குள் அவன் அம்மாவுக்குத் தகவல் போய்விடும்.

1951 ஏப்ரல் 23, திங்கட்கிழமை. ஹெட்மாஸ்டருக்குப் போன் வருகிறது: உங்கள் பிள்ளைகள் பஸ் நிலையத்தில் போலீஸிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், உடனே வாருங்கள். அவர் பதறிக்கொண்டு போகிறார். போன் பண்ணியது மாணவர்களில் ஒருவர்தான். ஹெட்மாஸ்டரின் தலை மறைந்ததும் எல்லா வகுப்புக்கும் ஒரு சீட்டு போகிறது, அனைவரும் பொதுக் கூடத்துக்கு வரவும் என்று, ஹெட்மாஸ்டர் அனுப்பியதுபோலவே. ஆங்கிலத்தில் பாய்ட் ஜோன்ஸுக்கும் பார்பரா ஜான்ஸுக்கும் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றுதான் என்பது தற்செயல். எல்லோரும் வந்து உட்கார்கிறார்கள், மேடைத் திரை விலகுகிறது, ஹெட்மாஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்கிறாள். சிலர் தயங்க, காலில் கிடந்த ஷூவைக் கழற்றிப் பெஞ்சில் ஓங்கி அடித்து, வெளியே போங்கள் என்றாளாம். போனார்கள்.

பிறகு பேசினாள். நல்ல பள்ளிக்கூடம் கட்டித் தரும் வரை வகுப்புக்கு வர மாட்டோம், ஸ்டிரைக். பிடித்து ஜெயிலில் போட்டால் என்ன செய்வது என்று கேள்வி எழுந்தது. நாம் எல்லோரும் அடங்கும் அளவுக்கு ஃபார்ம்வில் ஜெயில் பெரிதில்லை என்று பதில் வந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்து வெளியே நடந்தது.

அந்தப் பொதுக் கூடம் அப்படியே இருக்கிறது. நான் மேடையை ரொம்பப் பெரிதாகக் கற்பனை செய்துவிட்டேன். நம்மூர்ப் பள்ளி ஆண்டு விழா மேடைதான். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பேசுகிறவர் முகம் தெரியும். ஆசிரியர்கள் வெளியே போகும்போது பிள்ளைகளின் முழங்காலை இடித்துக்கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

ஸ்டிரைக் இரண்டு வாரம் நடந்தது. அன்றைக்கே ரிச்மண்டில் இருந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்கிற இரண்டு வக்கீல்களுக்குக் கடிதம் எழுதினார்கள். என்ஏஏசிபி என்ற கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தின் வக்கீல்கள். வேறு வழக்குக்குப் போகிற வழியில், பிள்ளைகளிடம் பேசி வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் வந்தார்களாம். பிள்ளைகளைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், இனப் பிரிவினையே கூடாது என்று வழக்குப் போடுவதென்றால் வருகிறோம். பிள்ளைகள் கேட்டது நல்ல கூரை. வக்கீல்கள் கேட்கச் சொன்னது வெள்ளையர் பள்ளியின் கதவு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பெரியவர்களுக்குத் தெரியும், அதனால்தான் கிரிஃபினின் சர்ச்சில் நடந்த கூட்டத்தில் சிலர் தயங்கினார்கள். கடைசியில் சரி என்றார்கள். மே 23-ல் வழக்குப் பதிவானது. 117 மாணவர்கள். பட்டியலில் முதல் பெயர் டோரதி டேவிஸ், பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. அதனால் டேவிஸ் வழக்கு.

கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. வசதியைச் சமமாக்குங்கள், பிரிவினை இருக்கட்டும் என்றார்கள் நீதிபதிகள். கவுன்ட்டியும் விழுந்தடித்துக்கொண்டு எட்டு லட்சம் டாலருக்கு மேல் போட்டு 1953-ல் புது மோட்டன் பள்ளியைக் கட்டித் திறந்துவிட்டது. பத்து வருடமாக இல்லாத பணம் இரண்டு வருடத்தில் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஹெட்மாஸ்டர் ஜோன்ஸுக்கு வேலை போனது. பார்பராவை, மிரட்டல் பயத்தில், பெரியப்பா வீட்டுக்கு மான்ட்கோமரிக்கு அனுப்பிவிட்டார்கள். தான் கேட்டு வந்த புதுப் பள்ளியில் அவள் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை. பிற்காலத்தில் பிலடெல்பியாவில் நூலகராக வேலை பார்த்து, 1991-ல் இறந்தார்.

டேவிஸ் வழக்கு மேலே போய், வேறு நாலு வழக்குகளோடு சேர்ந்து, 1954 மே 17-ல் பிரவுன் வழக்கு என்ற பெயரில் தீர்ப்பானது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கி வைத்தது இது ஒன்றுதான். மகளின் பாடப் பக்கம் கிட்டத்தட்ட இத்தோடு முடிகிறது. ஸ்டிரைக் செய்தாள், வழக்குப் போட்டார்கள், வென்றார்கள். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அருங்காட்சியகத்தில் அதற்கு அப்புறமும் அறைகள் வந்துகொண்டே இருந்தன.

தீர்ப்பை எப்போது செயல்படுத்துவது என்பதற்கு 1955-ல் இன்னொரு தீர்ப்பு, 'உரிய வேகத்தோடு' என்கிற மாதிரி ஒரு வழுக்கலான சொற்றொடரோடு. உரிய வேகம் என்றால் ஆமை வேகமா, அது நின்றாலும் வேகமா என்று யாரும் சொல்லவில்லை. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டு தலைமையில் பெரும் எதிர்ப்பு என்று ஒரு கொள்கையே வகுத்தார்கள். நீதிமன்றம் சொல்லி எந்தப் பள்ளி இரண்டு இனப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்க்கிறதோ அந்தப் பள்ளியை அரசே மூடும். 1958-ல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், ஃபிரண்ட் ராயல் ஊர்களில் மூடினார்கள். சில மாதத்தில் நீதிமன்றங்கள் அந்தச் சட்டங்களை அடித்துவிட்டதால் திறந்தார்கள்.

பிரின்ஸ் எட்வர்ட் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தது. 1959 கோடையில், செப்டம்பருக்குள் பள்ளிகளைக் கலந்தாக வேண்டும் என்று உத்தரவு வந்ததும், கவுன்ட்டி மேற்பார்வையாளர்கள் கூடிப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். நான் மனதில் வைக்கச் சொன்னது இதைத்தான். யாரும் தடியெடுக்கவில்லை, யாரும் வாசலில் வழிமறிக்கவில்லை. பட்ஜெட்டில் ஒரு வரிக்கு எதிரே தொகை இல்லை, அவ்வளவுதான். செப்டம்பர் வந்தது. கவுன்ட்டியின் எல்லாப் பொதுப் பள்ளிகளும், கறுப்பினத்தவருடையதும் வெள்ளையருடையதும், பூட்டு. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை. ஐந்து கல்வியாண்டுகள்.

வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி தயார். சர்ச் அறைகள், சங்கக் கட்டடங்கள் என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடத்தி, அப்புறம் சொந்தக் கட்டடமும் கட்டிவிட்டார்கள். கொஞ்ச காலம் அரசுப் பணத்திலேயே கட்டண உதவியும் நன்கொடைக்கு வரிச்சலுகையும் கிடைத்தன. உங்களுக்கும் இப்படித் தனியார் பள்ளி ஆரம்பித்துத் தருகிறோம் என்று கறுப்பினக் குடும்பங்களிடம் சொன்னார்கள். ஏறக்குறைய ஒருவரும் ஏற்கவில்லை. ஏற்றால் வழக்கு செத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் படிப்பா, எல்லாப் பிள்ளைகளின் உரிமையா என்று ஒரு பெற்றோரிடம் கேட்பது எவ்வளவு அக்கிரமம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்று தோன்றியது, அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கிட்டத்தட்ட 1,700 கறுப்பினப் பிள்ளைகள். கட்டணம் கட்ட வழியில்லாத சில வெள்ளை ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் மாட்டிக்கொண்டார்கள், அவர்களைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. சர்ச் அடித்தளங்களில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், இவற்றைப் பள்ளி என்று சொல்லாமல் கவனமாகப் பயிற்சி மையம் என்றார்கள். உயர்நிலை மாணவர்கள் அறுபது பேரளவில் வட கரோலைனாவின் கிட்ரெல் கல்லூரியில் தங்கிப் படித்தார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சேவை அமைப்பு சில பிள்ளைகளை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. சிலர் பக்கத்துக் கவுன்ட்டியில் சொந்தக்காரர் விலாசம் கொடுத்துச் சேர்ந்தார்கள், விலாசம் மாற்றிக் கொடுப்பது உலகப் பொது வித்தை போல. இந்த எதுவும் வாய்க்காதவர்கள் புகையிலைக் காட்டுக்குப் போனார்கள். பலர் திரும்பவே இல்லை.

1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி ஒரு கூட்டத்தில் பேசினார். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைத் தவிர்த்தால், உலகில் இலவசப் பொதுக் கல்வி இல்லாத இடங்கள் இவைதான் என்று ஒரு பட்டியல் போட்டார்: கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், அப்புறம் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கைக்கு அந்தப் பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 'எங்களை ஏன் இழுக்கிறீர்கள்' என்று பதில் வந்தது. அதுவும் சரிதான்.

அந்த வருடம் செப்டம்பரில், நன்கொடைப் பணத்தில், பூட்டிக் கிடந்த கட்டடங்கள் சிலவற்றை வாடகைக்கு எடுத்து, இலவசப் பள்ளிகள் என்ற பெயரில் ஒரு வருடம் நடத்தினார்கள். சுமார் 1,500 பிள்ளைகள், அதில் வெள்ளைப் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவு. 1964 மே 25-ல் உச்ச நீதிமன்றம், வெறும் 'உரிய வேகத்துக்கு' நேரம் முடிந்துவிட்டது என்று எழுதி, பள்ளிகளைத் திறக்க வழி செய்தது. வழக்கின் பெயர் கிரிஃபின், அதே பாதிரியாரின் குடும்பம். இப்போது அருங்காட்சியகம் இருக்கும் தெருவுக்கே அவர் பெயர்தான். செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன, வந்தவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் கறுப்பினப் பிள்ளைகள். 1953-ல் கட்டிய அந்தப் புது மோட்டன் பள்ளிதான் இன்றைக்குப் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி உயர்நிலைப் பள்ளி. எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தத் தனியார் பள்ளியும் பெயரை மாற்றிக்கொண்டு எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது.

பழைய கட்டடம் ஆரம்பப் பள்ளியாக 1995 வரை ஓடியது. அதை மீட்டு அருங்காட்சியகமாக்க முன்னால் நின்றது யார் தெரியுமா, 1920-களில் மனு கொடுத்த அதே மாதர் சங்கம், இப்போது மார்த்தா ஃபாரெஸ்டர் பெயரில். 2001 ஏப்ரல் 23-ல், ஸ்டிரைக்கின் ஐம்பதாவது ஆண்டு நாளில் திறந்தார்கள். 2003-ல் மாநிலச் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. 2004-ல் பள்ளி மூடியதால் படிப்பை இழந்தவர்களுக்கு ஒரு உதவித்தொகை. அதற்காக விடாமல் எழுதியவர் உள்ளூர்ப் பத்திரிகையான ஃபார்ம்வில் ஹெரால்டின் ஆசிரியர் கென் வுட்லி. 1959-ல் பள்ளிகளை மூடுவதற்கு வரிந்துகட்டி எழுதியதும் அதே ஹெரால்டுதான். உதவித்தொகை வந்தபோது அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. போய்ப் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு சிலை வைக்கலாம். வர்ஜீனியாவின் சார்பில் நூறு வருடத்துக்கு மேல் நின்ற ராபர்ட் லீயை 2020 டிசம்பரில் இறக்கினார்கள். அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது பார்பரா ஜான்ஸை.

திரும்பி வரும்போது மகள் பின் சீட்டில் மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அமீலியா தாண்டியதும் கேட்டாள்: "அப்பா, ஃபோர்த் கிரேடுல ஸ்கூல் மூடினவங்க திரும்ப வந்தப்போ எந்த கிரேடுல உக்காந்தாங்க?" நான் நினைத்தே பார்க்காத கேள்வி. நல்லவேளை, மனைவி அந்தப் பலகையைப் படித்திருந்தாள். அந்த இலவசப் பள்ளிகளில் கிரேடே வைக்கவில்லையாம். வயதைப் பார்க்காமல், யாருக்கு எவ்வளவு தெரிகிறதோ அங்கிருந்து தொடங்கினார்கள். பத்துப் பதினோரு வயதில் முதல் முதலாக எழுத்தைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

"அப்போ பெரிய அண்ணாவும் சின்னத் தம்பியும் ஒரே கிளாஸா?"

"இருக்கலாம்மா."

தாளில் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள். அவள் ஓரத்தில் எழுத ஆரம்பித்து, திருப்பிப் பின்பக்கமும் போய்விட்டாள். பேனா எழுதவில்லை, வேறு பேனா இருக்கிறதா என்று கேட்டாள். டேஷ்போர்டைக் குடைந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.